லிப்ட் கிடையாது, உச்சி வெயில்ல மட்டும்தான் வெளிய: எங்க குடியிருப்பு நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

மூணு வாரத்துக்கு முன்னாடி லிப்ட் பக்கத்துல நீங்க ஒட்டின நோட்டீஸைப் பத்தி எழுதறேன். நாலு விதி போட்டிருக்கீங்க. ரெண்டு லிப்ட்லயும் நாய் ஏறக் கூடாது. நாயை வெளிய கூட்டிட்டுப் போறதுன்னா மத்தியானம் 12 மணியிலேர்ந்து 3 மணிக்குள்ள மட்டும்தான். வீட்டு வாசலைத் தாண்டினா எந்த நாயா இருந்தாலும் வாய்க்கூடு, அதாவது கடிக்காம இருக்க வாய் மேல மாட்டற மூடி, போட்டிருக்கணும். குரைக்குதுன்னு மூணு புகார் வந்தா அந்த நாயை இங்கேர்ந்து அனுப்பிடணும். கீழ கையெழுத்து, சீல், அமலுக்கு வர்ற தேதி எல்லாம் இருக்கு. நாய் வளர்க்கற வீடு ஒண்ணைக்கூட கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதா தெரியல. ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட போன்ல கேட்டிருந்தாகூட இந்த நாலுல மூணு விதி அன்னிக்கே கிழிஞ்சிருக்கும்.

எங்க வீட்டு சிட்டுவுக்கு 11 வயசு. 24 கிலோ. பின்னங்கால் இடுப்பு மூட்டு ரெண்டும் தேஞ்சு போய் ஒன்றரை வருஷமா மாத்திரையில இருக்கா. நாங்க இருக்கறது நாலாவது மாடி, ஒரு மாடிக்கு 18 படி, மொத்தம் 72 படி, ஏறி இறங்கினா 144. படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்கார், அந்தச் சீட்டை ரெண்டாவது நாளே ஆபீஸ்ல குடுத்தேன், "எல்லாருக்கும் ஒரே ரூல்தான்"னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

நாய் படி இறங்கும்போது என்ன ஆகுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. சும்மா நிக்கும்போதே நாயோட எடையில சுமார் 60 சதவீதம் முன்னங்கால் மேலதான் இருக்கும், இறங்கும்போது இன்னும் முன்னாடி சாயும், பின்னாடி தாங்கிப் பிடிக்க வேண்டிய இடுப்புல பலம் இல்லைன்னா உடம்பு பக்கவாட்டுல வழுக்கும். அதனால ஒரு பெரிய துண்டை அவ வயித்துக்கு அடியில குடுத்து ரெண்டு முனையையும் சேர்த்து கையில பிடிச்சுக்கிட்டு, பின்பாகத்தைக் கொஞ்சமா தூக்கின மாதிரியே ஒவ்வொரு படியா இறக்கறேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும் நின்னு என் முகத்தைப் பார்க்கறா. ரெண்டாவது மாடி வந்தா உக்காந்துடுவா, முன்னங்கால் ரெண்டும் நடுங்கும், அப்புறம் தூக்கிட்டுத்தான் போகணும், 24 கிலோ உயிரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு படி தெரியாம இறங்கறப்போ நான் விழுந்தா ரெண்டு பேருக்கும் எலும்பு உடையும். பக்கத்துலயே லிப்ட் காலியா ஏறி இறங்கிட்டு இருக்கு.

எங்களுக்கே இப்படின்னா அஞ்சாவது மாடி பாட்டியை நினைச்சுப் பாருங்க. தனியா இருக்காங்க, முட்டி ஆபரேஷன் ஆனவங்க, கையில வாக்கர். அவங்களுக்குன்னு இருக்கறது 9 கிலோவுல ஒரு நாய். இந்த நோட்டீஸ் வந்ததுலேர்ந்து அந்த நாய் பால்கனியில பேப்பர் மேலதான் போகுது, பாட்டி குனிஞ்சு அதை எடுக்க முடியாம வேலைக்கு வர்ற பொண்ணு வர்ற வரைக்கும் அது அங்கயே கிடக்குது. முன்னெல்லாம் காலையில அதுக்காகவாவது அவங்க கீழ இறங்கி நாலு பேர்கிட்ட பேசிட்டுப் போவாங்க. இப்போ வர்றதில்ல. நாய்க்கு லிப்ட் கிடையாதுன்னு நீங்க எழுதினது அவங்களையும் சேர்த்துத்தான் வீட்டுக்குள்ள பூட்டியிருக்கு.

இப்போ அந்த 12லேர்ந்து 3 மணி விஷயம். இதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கற விஷயம், அதனால இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். அந்த நேரத்துல குழந்தைங்க வெளிய இருக்க மாட்டாங்க, பெரியவங்க வாக்கிங் போக மாட்டாங்க, யாருக்கும் தொந்தரவு இல்லைன்னு யோசிச்சிருக்கீங்க, புரியுது. ஆனா அந்த நேரத்துல மனுஷங்க ஏன் வெளிய வர்றதில்ல? வெயில் தாங்காதுங்கறதாலதானே. நமக்கு உடம்பு பூரா வேர்க்கும், செருப்பு இருக்கு, குடை இருக்கு. நாய்க்கு வேர்வைன்னு சொல்றது பாதத்துல மட்டும்தான், அதுவும் சூட்டைக் குறைக்கப் பெருசா உதவாது. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப் போட்டு வேகமா இளைச்சு, அந்த ஈரம் காத்துல ஆவியாகறப்போதான் அது உடம்புச் சூட்டைக் குறைச்சுக்கும், காத்து சூடாவும் புழுக்கமாவும் இருந்தா அந்த ஒரு வழியும் சரியா வேலை செய்யாது. நல்லா இருக்கற நாயோட உடம்புச் சூடு சுமார் 38.3லேர்ந்து 39.2 டிகிரி செல்சியஸ், 41ஐத் தாண்டினா உள்ளுறுப்பெல்லாம் கெட ஆரம்பிச்சிடும். நடுவுல இருக்கற இடைவெளி ரெண்டு டிகிரிகூட முழுசா இல்ல.

அப்புறம் தரை. காத்து 25 டிகிரி இருக்கற ஒரு சாதாரண நாள்லயே நேர் வெயில்ல கிடக்கற தார் 50 டிகிரியைத் தாண்டலாம், காத்து 31க்குப் போனா தார் 60ஐத் தாண்டலாம், அந்தச் சூட்டுல தோல் வெந்து போக சில நொடி போதும். நாய் வளர்க்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சோதனை இருக்கு, புறங்கையைத் தரையில வச்சு 7 நொடி எண்ணணும், அதுக்குள்ள கையை எடுத்துட்டீங்கன்னா நாயை அதுல நடக்க விடக் கூடாது. தயவுசெஞ்சு உங்கள்ல ஒருத்தராவது நாளைக்கு மத்தியானம் 1 மணிக்கு பின்கேட் பக்கத்துல பார்க்கிங்லேர்ந்து போற தார்ப் பாதையில குனிஞ்சு புறங்கையை வச்சுப் பாருங்க. நான் வச்சுப் பார்த்தேன், மூணு எண்றதுக்குள்ள எடுத்துட்டேன். ஆனா நான் வச்சுப் பார்த்தது சிட்டுவுக்கு அடிபட்டதுக்கு அப்புறம், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

விதி அமலுக்கு வந்த ரெண்டாவது நாள். மத்தியானம் 1 மணி. நிழல்லயே கூட்டிட்டுப் போய் புல் வரைக்கும் விட்டுடலாம்னு நினைச்சேன், நடுவுல இருபது அடி தார் இருக்கு. பாதியில நின்னுட்டா. முன்னங்கால் ஒண்ணைத் தூக்கினா, வச்சுட்டு இன்னொண்ணைத் தூக்கினா, நான் மூட்டு வலின்னு நினைச்சு "வாடா கண்ணு, இதோ வந்துருச்சு"ன்னு பெல்ட்டை லேசா இழுத்தேன். இழுத்தேன். அவளும் என்னை நம்பி வந்தா. சாயங்காலம் தரையில அங்கங்க ஈரமா ஒரு சிவப்புத் தடம், கால் மாத்தி கால் நக்கிட்டே இருக்கா, திருப்பிப் பார்த்தா இடது பின்னங்கால்ல மெத்தை மாதிரி இருக்கற கருப்புத் தோல் ஒரு ஓரத்துல கொப்பளிச்சு உரிஞ்சு அடியில ரோஸ் கலர்ல சதை தெரியுது. டாக்டர் சுத்தம் பண்ணி கட்டுப் போட்டு, நக்காம இருக்க கழுத்துல கூம்பு மாட்டி விட்டார். பன்னெண்டு நாள் ஆச்சு அவ அந்தக் காலைத் தரையில ஊன. ஏற்கனவே ஊன முடியாத இடுப்பு, அதுக்குக் கீழ வெந்து போன பாதம்.

மூணாவது மாடி தம்பியோட பக் நாய்க்கு நடந்தது இதைவிட மோசம். பக் மாதிரி தட்டை மூஞ்சி நாய்ங்களுக்கு மூச்சுப் போற வழியே பிறவியில குறுகலா இருக்கும், அதனால இளைச்சு சூட்டைக் குறைச்சுக்கற வேலையை அதுங்களால ஒழுங்கா செய்ய முடியாது, எல்லா டாக்டரும் சொல்ற விஷயம் இது. நோட்டீஸ்ல சொன்ன மாதிரியே வாய்க்கூடும் போட்டு 12.30க்குக் கீழ கூட்டிட்டு வந்தார் பாவம், விதியை மதிக்கற பையன். பத்து நிமிஷத்துல அது தள்ளாட ஆரம்பிச்சு, வாயிலேர்ந்து கோழை மாதிரி எச்சில், ஈறு கருஞ்சிவப்பு, அப்படியே சரிஞ்சு படுத்துருச்சு. செக்யூரிட்டி அண்ணன்தான் ஓடி வந்து நிழலுக்குத் தூக்கிட்டுப் போனார். வாய்க்கூட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு தோட்டத்துக் குழாய்த் தண்ணியை உடம்பு பூரா ஊத்தி, ஒரு அட்டையை வச்சு விசிறிக்கிட்டே இருந்தோம். இது எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய விஷயம், முதல்ல குளிர்விக்கணும், அப்புறம்தான் வண்டியில ஏத்தணும், ஈரத்துண்டை மேல போத்தி மூடக் கூடாது, அது சூட்டை உள்ளயே பிடிச்சு வச்சுக்கும், மயக்கத்துல இருக்கறப்போ வாயில தண்ணி ஊத்தவும் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு பார்த்தப்பவே உடம்புச் சூடு 41.4 டிகிரி. ரெண்டு நாள் டிரிப்ஸ்ல கிடந்து பிழைச்சுது. குழுவுலேர்ந்து யாராவது ஒருத்தர் அந்தப் பையன்கிட்ட நாய் எப்படி இருக்குன்னு கேட்டீங்களா? இன்னிக்கு வரைக்கும் இல்லைன்னு சொன்னார்.

வாய்க்கூடு வேணாம்னு நான் சொல்லல. ஏற்கனவே யாரையாவது கடிச்ச நாய், வெளியாளைப் பார்த்தா பாயற நாய், அதுங்களுக்குப் போட்டே ஆகணும், போடாம வெளிய கொண்டு வந்தா நானே தட்டிக் கேப்பேன். ஆனா வாய்க்கூட்டுல ரெண்டு வகை இருக்குன்னு உங்களுக்கு யாரும் சொல்லலைன்னு நினைக்கறேன். கூடை மாதிரி இருக்கறது ஒரு வகை, அதுக்குள்ள நாய் வாயைத் திறக்க முடியும், இளைக்க முடியும், தண்ணி குடிக்க முடியும். துணியில இறுக்கமா வாயைக் கட்டற மாதிரி வர்றது இன்னொண்ணு, அது டாக்டர் ஊசி போடற ரெண்டு நிமிஷத்துக்கு மட்டும் போடறதுக்கானது. நீங்க வாட்சப் குரூப்ல படம் போட்டு "இது வாங்கிக்கோங்க"ன்னு சொன்னது ரெண்டாவது வகை. சூட்டைத் தணிக்க இருக்கற ஒரே வழி வாய், அந்த வாயைக் கட்டி உச்சி வெயில்ல நடக்க விடச் சொல்லியிருக்கீங்க. இதை எழுதறப்போ கை நடுங்குது எனக்கு. கூடை வகையையும் திடீர்னு ஒரு நாள் மாட்டிட முடியாது, உள்ள தீனி வச்சு மூக்கை அதுவா நுழைக்க விட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டி ஒண்ணு ரெண்டு வாரம் பழக்கணும், நீங்க குடுத்தது மூணு நாள்.

இன்னொரு கணக்கு. மத்தியானம் 3 மணிக்கு உள்ள வந்த நாய் மறுபடி வெளிய போறது மறுநாள் 12 மணிக்கு. 21 மணி நேரம். வளர்ந்த நாய் ஒரு நாளைக்கு மூணுலேர்ந்து அஞ்சு தடவை ஒண்ணுக்குப் போகும், ஆறு எட்டு மணி நேரம் அடக்கறதே அதிகம். 3 மாசக் குட்டி மூணு நாலு மணி நேரத்துக்கு மேல தாங்காது. வயசான நாய், கிட்னி கோளாறு இருக்கற நாய், சர்க்கரை இருக்கற நாய் எல்லாம் நிறைய தண்ணி குடிக்கும், நிறைய போகும், அதை அடக்க வச்சா மூத்திரப் பாதையில கிருமி தொத்தும். சிட்டு பதினோரு வருஷத்துல வீட்டுக்குள்ள போனதே இல்ல, குட்டியா இருந்த முதல் சில மாசத்தைத் தவிர. இந்த மூணு வாரத்துல நாலு தடவை ராத்திரியில போயிட்டா. போயிட்டு மூலையில போய் தலையைக் குனிஞ்சு உக்காந்துக்கறா, திட்டவே இல்ல நாங்க, ஆனாலும் அப்படி உக்காந்துக்கறா.

குரைக்கற விதியையும் இதோட சேர்த்துப் பாருங்க. நாய் சும்மா குரைக்கறதில்ல, தனியா விட்டுட்டுப் போனா பயத்துல குரைக்கும், வெளிய போகணும்னு குரைக்கும், காலும் மூக்கும் வேலை செய்யாம அடைஞ்சு கிடந்தா லிப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைக்கும். நடைங்கறது அதுக்கு வெறும் கழிவறை இல்ல, நின்னு நின்னு மோந்து பார்க்கறது இருக்கே, அதுலதான் அதோட மனசு அடங்கும், காலையில அரை மணி நேரம் நிதானமா மோந்துக்கிட்டே நடந்த நாய் பகல் பூரா தூங்கும். அந்த நடையை எடுத்துட்டு, குரைச்சா அனுப்பிடுவோம்னு சொல்றீங்க. ரெண்டாவது விதியே மூணாவது மாசத்துல நாலாவது விதியைக் கொண்டு வந்து நிறுத்திடும். இதுவரைக்கும் ஒரு புகார்கூட வராத முதல் மாடி லேப்ரடார் இப்போ காலையில ஆறு மணிக்கே அழற மாதிரி குரைக்குது, உங்களுக்கும் கேக்குது இல்ல?

சரி, இதெல்லாம் எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும், அதை மறைச்சுட்டுப் பேச மாட்டேன். லிப்ட்ல ஒரு நாய் அந்த ஏழு வயசுக் குழந்தை மேல தாவி, குழந்தை பின்னாடி விழுந்து முட்டியில சிராய்ப்பு. நான் அன்னிக்கு லிப்டுக்கு வெளியதான் நின்னுட்டு இருந்தேன். நாய் கடிக்கல, விளையாட்டுக்குத்தான் தாவுச்சு, ஆனா அந்தக் குழந்தைக்கு அது தெரியுமா, அது பார்த்தது தன் உயரத்துக்கு வாயைத் திறந்துட்டு வர்ற ஒரு மிருகத்தை. அவங்க அம்மா கோவப்பட்டது நூத்துக்கு நூறு நியாயம். அந்த நாயோட ஓனர் என்ன பண்ணிட்டு இருந்தார்? நீண்டுக்கிட்டே போற சுருள் லீஷை, நாயைப் பிடிச்சுக்கற கயிறை, அவ்வளவு தூரம் விட்டுட்டு போன் பார்த்துட்டு இருந்தார். தப்பு அங்க இருக்கு. ஒன்றரை மீட்டர் லீஷை கையில சுருக்கிப் பிடிச்சு, நாயை மூலையில தன் காலுக்குப் பின்னாடி உக்கார வச்சு, உள்ள ஆள் இருந்தா "நாய் இருக்கு, வரலாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டு, வேணாம்னா அடுத்த லிப்டுக்கு நின்னிருந்தா அன்னிக்கு ஒண்ணுமே நடந்திருக்காது. அந்த ஒருத்தரைக் கூப்பிட்டு நீங்க பேசினீங்களா, அபராதம் போட்டீங்களா? இல்ல. அவர் செஞ்ச தப்புக்கு பதினேழு வீட்டு நாய்களோட கால்ல விதி போட்டிருக்கீங்க.

மலம் விஷயமும் அதே கதைதான். விளையாடற இடத்துல நாய் மலம் கிடக்குதுன்னு புகார் வந்துச்சு, உண்மை, நானே மத்த நாய்களோடதை எத்தனையோ நாள் பையில கையை விட்டு எடுத்து, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி முடிச்சுப் போட்டுக் கொண்டு போயிருக்கேன். ஆனா இது எப்போ அதிகமாச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. பின்கேட் பக்கத்துல மூடி போட்ட ஒரு குப்பைத்தொட்டி இருந்துச்சு, நாத்தம் வருதுன்னு யாரோ சொல்லி அதை எடுத்துட்டீங்க, தினமும் காலி பண்ணச் சொல்றதை விட்டுட்டு. அதுக்கு அப்புறம்தான் சில பேர் பையோட செடி ஓரத்துல போட ஆரம்பிச்சாங்க, சில பேர் எடுக்கறதையே விட்டுட்டாங்க. இதுல சுகாதாரமும் இருக்கு. நாய் வயித்துல இருக்கற உருண்டைப் புழுவோட முட்டை மலத்துல வெளிய வரும், ஆனா வந்த உடனே அது யாருக்கும் தொத்தாது, மண்ணுல ரெண்டு நாலு வாரம் கிடந்து முத்தினதுக்கு அப்புறம்தான் தொத்தற நிலைக்கு வரும், அப்புறம் மாசக்கணக்கா, வருஷக்கணக்காகூட மண்ணுல உயிரோட இருக்கும், மண்ணுல விளையாடிட்டு கையை வாயில வைக்கற குழந்தைக்குத்தான் ஆபத்து. அதனால அன்னன்னிக்கு எடுத்துட்டா பெரும்பாலான பிரச்சனை அங்கயே முடிஞ்சிடுது. குட்டிக்கு ரெண்டு வாரத்துலேர்ந்து அடிக்கடி, வளர்ந்ததுக்கு பொதுவா மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து குடுக்கறதும் இதுக்காகத்தான். நாய் எந்த நேரத்துல நடக்குதுங்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, 1 மணிக்குப் போட்டாலும் எடுக்கலைன்னா அது அங்கதான் கிடக்கும்.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது என்னன்னா, நாலு விதி போட்டீங்களே, அதுல தடுப்பூசின்னு ஒரு வார்த்தைகூட இல்ல. குழந்தைங்க பாதுகாப்புதான் காரணம்னா முதல் விதியே அதுவாத்தானே இருக்கணும்? ரேபிஸ்ங்கற வெறிநாய்க்கடி நோய் வந்து அறிகுறி தெரிய ஆரம்பிச்சுட்டா கிட்டத்தட்ட பிழைக்க வழியே கிடையாது, மனுஷங்களுக்கு அது வர்றதுல 99 சதவீதம் வரைக்கும் நாய் மூலமாத்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நாய் மூலமா வர்ற ரேபிஸால ஒருத்தர்கூட சாகக் கூடாதுன்னு 2030ஐ இலக்கா வச்சிருக்காங்க. ஒரு இடத்துல இருக்கற நாய்கள்ல 70 சதவீதத்துக்கு ஊசி போட்டிருந்தாலே பரவறது நின்னுடும்னும் சொல்றாங்க. குட்டிக்கு 12 வாரம் ஆனதும் முதல் ஊசி, ஒரு வருஷத்துல மறுபடி, அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளியில தொடர்ந்து. பதினேழு வீட்டுலயும் ஊசி போட்டிருக்கா, தேதி தாண்டிருச்சான்னு உங்ககிட்ட கணக்கு இருக்கா? நான் கேட்டுப் பார்த்தேன், அப்படி ஒரு நோட்டே கிடையாது. யாரையாவது நாய் கடிச்சாலோ நகம் கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பிக்கணும், இந்த ரெண்டு வரியை லிப்ட்ல ஒட்டியிருந்தீங்கன்னா அது ஒரு உயிரைக் காப்பாத்தற நோட்டீஸா இருந்திருக்கும்.

குழந்தைங்களுக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியது இருக்கு, அதை நாய் வளர்க்கற நாங்களே செய்யத் தயார். ஓனரைக் கேக்காம தொடக் கூடாது, சாப்பிடற நாயையும் தூங்கற நாயையும் தொந்தரவு பண்ணக் கூடாது, கட்டிப் பிடிக்கக் கூடாது, பயமா இருந்தா ஓடாம கையை ஒட்டி வச்சுக்கிட்டு அசையாம நிக்கணும். வாலை ஆட்டற நாய் எல்லாம் சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, உதட்டை நக்கறது, கொட்டாவி விடறது, மூஞ்சியைத் திருப்பிக்கறது, கண்ணோட வெள்ளை தெரியற மாதிரி பார்க்கறது, உடம்பு விறைச்சு நிக்கறது, இதெல்லாம் "என்னை விட்டுடு"ன்னு அது சொல்றது. அந்த விழுந்த குழந்தை பத்து நாளைக்கு முன்னாடி படியில சிட்டுவைப் பார்த்து சுவரோட ஒட்டிக்கிச்சு. நான் சிட்டுவை உக்கார வச்சு வழி விட்டேன். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு "அதுக்குக் கால்ல என்ன"ன்னு கேட்டுச்சு. சூடு பட்டுருச்சும்மான்னு சொன்னேன். அடுத்த நாளும் கட்டைப் பார்த்துட்டு "இன்னும் வலிக்குதா"ன்னு கேட்டுட்டுத்தான் போச்சு.

இன்னும் ஒண்ணு, நோட்டீஸ்ல இல்லாதது. போன மாசம் புல்வெளி ஓரத்துல எலி மருந்து வச்சிருக்கீங்க, யாருக்கும் சொல்லல. எலி மருந்துல நிறைய ரத்தம் உறையறதைத் தடுக்கற வகை, அதை நாய் தின்னா உடனே ஒண்ணும் தெரியாது, மூணு நாள் அஞ்சு நாள் கழிச்சுத்தான் உள்ளுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிக்கும், அப்போ எதனாலன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள கைமீறிடும். தின்ன அன்னிக்கே தெரிஞ்சா வைட்டமின் கே குடுத்துக் காப்பாத்திடலாம். தவழற குழந்தை கையில கிடைச்சாலும் இதே கதிதான்.

இனி நான் கேக்கறது என்னன்னு தெளிவா சொல்லிடறேன். 12லேர்ந்து 3 மணிங்கற விதியை இன்னிக்கே நிறுத்தி வைங்க, இதுக்குக் கூட்டம் போட்டு முடிவு எடுக்கற வரைக்கும் காத்திருக்க முடியாது, இன்னொரு நாய் விழறதுக்குள்ள நிறுத்தணும். அதுக்குப் பதிலா காலையில 5.30லேர்ந்து 8 வரைக்கும், சாயங்காலம் வெயில் இறங்கினதுக்கு அப்புறம் 6.30லேர்ந்து 10 வரைக்கும் பின்பக்கப் பாதையை நாய்களுக்குன்னு விடுங்க, விளையாடற இடத்துக்குள்ள நாய் வரக் கூடாதுன்னு போடுங்க, அதை நாங்க எல்லாரும் ஒத்துக்கறோம். குட்டி, வயசான நாய், சீக்கு நாய் எந்த நேரத்துலயும் வெளிய போகலாம்னு சேருங்க.

ரெண்டு லிப்ட்ல ஒண்ணை நாயோட வர்றவங்களுக்கு விடுங்க, பயப்படறவங்களுக்கு இன்னொண்ணு எப்பவும் இருக்கும், உள்ள ஆள் இருந்தா கேட்டுட்டு ஏறணும், லீஷ் ஒன்றரை மீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, இதை மீறினா அபராதம் போடுங்க, முதல் அபராதம் எனக்கு வந்தாலும் கட்டறேன். வாய்க்கூடு கடிச்ச நாய்க்கும் பாயற நாய்க்கும் மட்டும், அதுவும் கூடை வகை மட்டும்னு திருத்துங்க, வாட்சப்ல போட்ட அந்தப் படத்தை எடுங்க. குரைக்கற புகார் வந்தா முதல்ல அந்த வீட்டுல போய்ப் பேசுங்க, காரணத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு மாசம் குடுங்க, நாயை அனுப்பிடணும்ங்கற வரியை முழுசா நீக்குங்க.

எல்லா வீட்டுலேர்ந்தும் தடுப்பூசிப் புத்தகத்தோட நகல் வாங்கி ஒரு நோட்டுல தேதி எழுதி வைங்க, அந்த வேலையை நானே செஞ்சு மாசா மாசம் உங்ககிட்ட குடுக்கறேன். எலி மருந்து, பூச்சி மருந்து எது வைக்கறதா இருந்தாலும் ரெண்டு நாள் முன்னாடி மருந்தோட பேரோட குரூப்ல போடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு விழுந்த குழந்தையோட அம்மாவையும், அஞ்சாவது மாடி பாட்டியையும், பக் வச்சிருக்கற தம்பியையும் கூப்பிடுங்க, பாட்டி நாயோட கீழ வர்றதுக்கு அன்னிக்காவது லிப்டைத் திறந்து விடுங்க. பின்கேட் தொட்டியை மட்டும் நாளைக்குக் காலையிலயே திரும்ப வைங்க, பழைய தொட்டி பம்ப் ரூமுக்குப் பின்னாடி கவுத்துப் போட்டபடி அப்படியேதான் இருக்கு.

இப்படிக்கு,
நாலாவது மாடி, சிட்டு வீட்டிலிருந்து